‘தப்பு என்று தெரிகிறது, ஆனாலும் கை நடுங்குகிறது’: நம்பிக்கைகளைக் கேள்வி கேட்கும் சிகிச்சை பற்றி

கேள்வி, சுருக்கமாக: முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் குழுத்தலைவர். கூட்டத்தில் பேச வேண்டிய நாளுக்கு முந்தைய இரவே தூக்கம் போய்விடுகிறது. சில மாதங்களாக ஓர் உளவியலாளரிடம் சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெறுகிறார். அவர் எழுதுகிறார்: “‘நான் பேசும்போது தடுமாறவே கூடாது’ என்ற நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று உளவியலாளர் கேட்கிறார். ஆதாரம் இல்லை என்பது எனக்கே தெரியும். தெரிந்தும் கை நடுங்குகிறது. இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் நேர்மறைச் சிந்தனைதானா? அல்லது என் துன்பத்துக்கு நானே காரணம் என்று சுற்றி வளைத்துச் சொல்கிறார்களா?”

நேர்மறைச் சிந்தனை என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். ‘நான் திறமைசாலி, என்னை எல்லோருக்கும் பிடிக்கும்’ என்று தினமும் கண்ணாடி முன் நின்று சொல்வதற்கும் இந்தச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை. அப்படிச் சொல்வது சிலருக்குக் கெடுதலாகவே முடியும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் உடன் ஆய்ந்தவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணியவர்கள் ‘நான் அன்புக்குரியவர்’ என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட அவர்கள் மனநிலை மோசமாகவே இருந்தது. ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்திருந்தவர்களுக்குத்தான் அதில் சிறிது பயன் கிடைத்தது. வாய் ஒன்றைச் சொல்லும்போது உள்ளிருந்து ஒரு குரல் ‘பொய்’ என்று மறுத்தால், கடைசியில் வெல்வது அந்தக் குரல்தான். உங்கள் உளவியலாளர் முயல்வது இதற்கு நேர் எதிரானது. உள்ளே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கசப்பான பொய்யை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். அதன் இடத்தில் இனிப்பான பொய் எதையும் வைக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது, ‘தெரிந்தும் நடுங்குகிறது’ என்பது. உண்மையில் உங்கள் கேள்வியின் மையம் இதுதான். இதற்கு என் பதில், விவாதம் தவறான இடத்தில் நடக்கிறது, அதுவும் விவாதமாகவே நின்றுவிடுகிறது என்பது. இதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இம்முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆல்பர்ட் எல்லிஸுக்கு (1913–2007) இளமையில் உங்களுக்கு இருக்கும் அதே பயம் இருந்தது. மேடையில் பேசுவது அவருக்கு நடுக்கம். தத்துவ நூல்களையும், குழந்தைகளின் பயத்தைப் படிப்படியாகப் போக்கிய ஜான் வாட்சன் குழுவினரின் சோதனைகளையும் படித்துவிட்டு, தான் சார்ந்திருந்த அரசியல் இளைஞர் அமைப்புக்காக வலிந்து போய் மேடையேறினார். பெண்களிடம் பேசுவதில் இருந்த கூச்சத்துக்கும் அதே மருந்துதான். 19 வயதில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்கு நாள்தோறும் போய், பெஞ்சில் தனியாக அமர்ந்திருக்கும் பெண்களிடம் தானே பேச்சுக் கொடுத்தார். சிலர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேருடன் பேச முடிந்தது. ஒரே ஒருவர் மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டார், அவரும் வரவில்லை. சந்திப்புக் கணக்கில் முழுத் தோல்வி. ஆனால் யாரும் அடிக்கவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை, அவர் பயந்த எதுவும் நடக்கவில்லை. கூச்சம் விலகியது. பிற்காலத்தில் அவர் பலமுறை சொல்லிக் காட்டிய கதை இது. இன்றைய கண்ணுக்கு, தனியாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்தும் இதை யோசிக்கத் தோன்றுகிறது. அது தனிப் பேச்சு.

எல்லிஸ் பின்னர் ஃபிராய்டு வழி உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றுச் சிகிச்சையும் அளித்தார். நோயாளிகள் தம் குழந்தைப் பருவத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசினார்கள், புரிந்துகொண்டார்கள், குணமாகவில்லை. அலுத்துப்போய் 1955-இல் தன் சொந்த முறையைத் தொடங்கினார். பெயர் இரண்டு முறை மாறி, இன்று பகுத்தறிவு உணர்ச்சி நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக ஆர்.இ.பி.டி., என்று வழங்குகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் (1921–2021) என்ற மனநல மருத்துவர் வேறு வழியாக இதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு பெண் அவரிடம் தன் அந்தரங்க வாழ்க்கை அனுபவங்களை விவரித்துக்கொண்டே பதறினார். தாம் கற்றபடி, பாலியல் சார்ந்த குற்ற உணர்வே பதற்றத்துக்குக் காரணம் என்று பெக் விளக்கினார். அந்தப் பெண்ணோ, ‘நான் உங்களுக்குச் சலிப்பூட்டுகிறேனோ என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டே இருந்தேன்’ என்றார். பேச்சுக்கு அடியில் வேறோர் எண்ண ஓட்டம் யாரும் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பெக் இவற்றைத் தானியங்கி எண்ணங்கள் என்றார். கேட்டால்தான் வெளியே வரும். கேட்காவிட்டால் பதற்றம் மட்டும் தெரியும்.

இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்று பாடப்புத்தகங்கள் சேர்த்துக் கட்டிவிடுகின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் இருவருக்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். ‘கூட்டத்தில் நான் தடுமாறுவேன், எல்லோரும் என்னைத் திறமையற்றவள் என்று நினைப்பார்கள்’ என்று நீங்கள் சொன்னால், பெக் வழியில் வருபவர் முதலில் அது உண்மையா என்று பார்ப்பார். இதற்கு முன் எத்தனை முறை தடுமாறினீர்கள்? யார் என்ன சொன்னார்கள்? வேறு விளக்கம் உண்டா? எல்லிஸ் அதைத் தாண்டிப் போவார். ‘சரி, தடுமாறுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். அப்புறம்?’

இந்த ‘அப்புறம்’ என்ற கேள்வியின் அடியில்தான் பெரும்பாலும் வேர் இருக்கிறது. உரையாடல் இப்படிப் போகலாம். இது நான் எழுதிக் காட்டும் மாதிரி, யாருடைய கதையும் இல்லை.

“சிரித்தால் என்ன ஆகும்?”

“அவமானமாக இருக்கும், மேடம்.”

“அவமானமாகத்தான் இருக்கும். அதில் உங்களைத் தாங்க முடியாமல் ஆக்குவது எது?”

“டீம் லீடர் ஆகிவிட்டு இப்படித் தடுமாறக் கூடாது. தடுமாறினால் இந்தப் பதவிக்கே நான் லாயக்கில்லை.”

“உங்கள் குழுவில் ஒருவர் பேசும்போது தடுமாறினால் அவரை லாயக்கில்லை என்று முடிவு கட்டுவீர்களா?”

“மாட்டேன். அவர் புதுசு, பழகிவிடுவார் என்று நினைப்பேன்.”

“அவருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு வேறு சட்டம். உங்கள் சட்டத்தை எழுதியது யார்?”

இங்கே இரண்டு நம்பிக்கைகள் வெளிப்பட்டுவிட்டன. ஒன்று கட்டளை: தடுமாறவே கூடாது. இன்னொன்று தீர்ப்பு: தடுமாறினால் நான் லாயக்கற்றவள். ‘தடுமாறுவேன்’ என்பது வெறும் கணிப்பு. அது பலிக்கவும் செய்யலாம். கணிப்பை மட்டும் எதிர்த்து வாதாடினால் உங்கள் மனம் எளிதில் வென்றுவிடும், ஏனென்றால் எந்த மனிதருக்கும் ‘நீ தடுமாறவே மாட்டாய்’ என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. போன வருடம் ஒரு கூட்டத்தில் திணறியதை எடுத்து மனம் உங்கள் முகத்தின் முன் நீட்டும். ‘ஆதாரம் இல்லை என்று தெரிந்தும் நடுங்குகிறது’ என்பவர்களில் பலர் இங்கேதான் சிக்கியிருக்கிறார்கள். அவர்கள் கணிப்போடு மல்லுக்கட்டுகிறார்கள். கட்டளையும் தீர்ப்பும் கீறல்கூட விழாமல் அடியில் இருக்கின்றன.

எல்லிஸ் இந்தக் கட்டளைகளை மூன்றாக வகுத்தார். நான் நன்றாகச் செய்தே தீர வேண்டும். மற்றவர்கள் என்னை நியாயமாக நடத்தியே தீர வேண்டும். வாழ்க்கை எனக்குச் சிரமமில்லாமல் அமைந்தே தீர வேண்டும். முதலாவது பதற்றத்தையும் தாழ்வையும் கொடுக்கும், இரண்டாவது ஆத்திரத்தை, மூன்றாவது சலிப்பையும் காரியத்தைத் தள்ளிப்போடுவதையும். நம் ஊரில் முதல் கட்டளைக்கு ஒரு கிளை தனியாக உண்டு: ‘என்னால் என் குடும்பத்துக்குத் தலைகுனிவு வரவே கூடாது.’ பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவில் தொடங்கி, பெண் பார்க்கும் படலம், வேலை, பிள்ளைகளின் மதிப்பெண் என்று தலைமுறை தாண்டி ஓடும் கிளை அது. நன்றாகச் செய்ய விரும்புவதிலோ குடும்பத்தின் பேரைக் காப்பதிலோ தவறு எதுவும் இல்லை. யாரும் அந்த ஆசைகளைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆசைக்குப் பின்னால் ‘இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை’ என்று ஒட்டிக்கொள்ளும் அந்த மிரட்டலைத்தான் கழற்ற வேண்டும்.

கழற்றுவதற்கான கேள்விகள் மூன்று திசைகளில் வரும். நடப்போடு ஒத்துப்போகிறதா: தடுமாறவே கூடாது என்று உலகில் விதி இருந்தால் நீங்கள் தடுமாறியிருக்கவே முடியாதே? தர்க்கம் இடிக்கிறதா: ‘தடுமாறாமல் பேச விரும்புகிறேன்’ என்பதிலிருந்து ‘தடுமாறவே கூடாது’ என்பது எப்படிப் பிறக்கும்? பயன் உண்டா: இந்தக் கட்டளை உங்களை நன்றாகப் பேச வைத்திருக்கிறதா, அல்லது தூக்கத்தைக் கெடுத்து மேலும் தடுமாற வைத்திருக்கிறதா? மூன்றாவது கேள்வியில்தான் பலர் முதல்முறையாக நிமிர்ந்து உட்காருவார்கள். காரணம், அந்தக் கட்டளையைத் தம் முன்னேற்றத்தின் இரகசியம் என்று நம்பிக் காப்பாற்றி வந்திருப்பார்கள். ‘இந்தப் பயம் இருந்ததால்தான் நான் இந்த அளவுக்கு வந்தேன், இதை விட்டால் சோம்பேறி ஆகிவிடுவேன்’ என்று சொல்லாத முதல் மதிப்பெண் மாணவர் அபூர்வம். இந்த விசுவாசத்தைத் தொடாமல் ஆதாரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆண்டு போனாலும் கை நடுங்கும்.

இந்தக் கேள்விகளின் முடிவில் பயம் முழுதாக மறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லிஸ் இதில் தெளிவாக இருந்தார். முக்கியமான கூட்டத்துக்கு முன் கவலை வருவது ஆரோக்கியம். அது உங்களைத் தயார்செய்ய வைக்கும். பீதி வேறு, அது உங்களை விடுப்பு எடுக்க வைக்கும். அதேபோல இழப்புக்கு வருந்துவது வேறு, மனச்சோர்வில் அமிழ்வது வேறு. செய்த தவறுக்கு வருந்திச் சரிசெய்யப் பார்ப்பது வேறு, ‘நான் ஒரு பாவி’ என்று தன்னையே தின்பது வேறு. துன்பத்தைப் பூஜ்யமாக்குவதாகச் சொல்லும் சிகிச்சையாளரிடமிருந்து விலகி இருங்கள்.

இனி, அறிவுக்குத் தெரிந்தது ஏன் கைக்குத் தெரியவில்லை என்பதற்கு வருகிறேன்.

ஒரு நம்பிக்கையை இருபது ஆண்டுகளாக உறுதிப்படுத்தியது வாதம் மட்டும் இல்லை; செயல்கள். நீங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் திரையில் உள்ளதை வரிக்கு வரி வாசிக்கிறீர்கள். கை நடுங்குவது தெரியாமலிருக்கப் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். யாரும் கேள்வி கேட்டுவிடாதபடி வேகமாகப் பேசி முடிக்கிறீர்கள். முந்தைய இரவு பேச்சை மனப்பாடம் செய்கிறீர்கள். (உங்களை எனக்குத் தெரியாது, ஆனால் இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும் என்று துணிந்து சொல்லலாம்.) கூட்டம் நல்லபடியாக முடிந்தால், மனம் அதன் புகழை உங்களுக்குத் தராது, பேனாவுக்குத் தரும். ‘நல்லவேளை, மனப்பாடம் செய்ததால் தப்பித்தேன்’ என்று எழுதிக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு வெற்றியும் பழைய நம்பிக்கைக்கே உரமாகிறது. இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்பார்கள். இவை கையில் இருக்கும்வரை நாற்காலியில் அமர்ந்து செய்யும் விவாதம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மனம் அதைப் பொருட்படுத்தாது.

இங்கிலாந்தில் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-இல் சமூகப் பதற்றத்துக்கு, அதாவது பிறர் முன்னிலையில் வரும் இந்தப் பயத்துக்கு, ஒரு விளக்க மாதிரியை முன்வைத்தார்கள். அதை ஒட்டி வளர்ந்த சிகிச்சையில் எனக்குப் பிடித்த பகுதி, வாதமே இல்லாமல் நடக்கும் ஒரு பரிசோதனை. சிகிச்சை அறையிலேயே ஒருவரோடு இரண்டு முறை பேசச் சொல்வார்கள். முதல் முறை வழக்கமான பாதுகாப்பு நடத்தைகள் அனைத்தோடும், தன்னையே உள்ளுக்குள் கண்காணித்துக்கொண்டு. இரண்டாம் முறை அவற்றை விட்டுவிட்டு, கவனத்தை எதிரில் இருப்பவர் மீது வைத்து. பலர் வியக்கும் செய்தி, இரண்டாவது முறைதான் பதற்றம் குறைவாகவும் பேச்சு இயல்பாகவும் இருந்தது என்பது. பிறகு காணொலியைப் போட்டுக் காட்டுவார்கள். போடும் முன், ‘கை எவ்வளவு நடுங்கியிருக்கும், செய்து காட்டுங்கள்’ என்பார்கள். செய்து காட்டிய நடுக்கத்துக்கும் திரையில் தெரிவதற்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் பார்த்தபின், உள்ளே உணர்வது வேறு, வெளியே தெரிவது வேறு என்பதை யாரும் வாதாடி நிறுவ வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காணொலியை யாரோ ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கும்போதே பழைய உணர்வு வந்து கண்ணை மறைத்துவிடும்.

இதனால் தகர்வது கணிப்பு. அடியில் இருக்கும் கட்டளைக்கு எல்லிஸின் மருந்து இன்னும் முரட்டுத்தனமானது. வெட்கத்தை நேரடியாகத் தாக்கும் பயிற்சிகள் என்று அவர் சிலவற்றை வைத்திருந்தார். வாழைப்பழத்தில் நாடாவைக் கட்டி நாய்க்குட்டிபோலத் தெருவில் இழுத்துக்கொண்டு போகச் சொல்வார். ஓடும் சுரங்க ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரை உரக்கக் கூவச் சொல்வார். யாருக்கும் தீங்கில்லை, சட்டமும் மீறப்படவில்லை. ஆனால் நாலு பேர் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கும்போது ‘பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை, ஆனாலும் நான் நிற்கிறேன்’ என்பது உடம்பில் பதியும். சென்னையில் வாழைப்பழத்தை இழுத்துக்கொண்டு போக நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேண்டியது இதைவிடச் சிறியது: வரும் வாரக் கூட்டத்தில் பேச்சின் நடுவே வேண்டுமென்றே நிறுத்துங்கள். ஐந்து விநாடி அமைதி. பிறகு ‘மன்னிக்கவும், எங்கே விட்டேன் என்று மறந்துவிட்டது, ஒரு நிமிடம்’ என்று சொல்லிக் குறிப்பைப் பார்த்துத் தொடருங்கள். போகும் முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: என்ன நடக்கும் என்று அஞ்சுகிறேன், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன். திரும்பி வந்ததும் நடந்ததை எழுதுங்கள். யாராவது உண்மையிலேயே முகம் சுளித்தால் அதையும் எழுதுங்கள். அந்த நாள் வீண் என்று நினைக்காதீர்கள். முகச்சுளிப்புக்குப் பிறகும் கூட்டம் முடிந்து, மதியச் சாப்பாடு சாப்பிட்டு, மாலை வேலையை முடித்தீர்கள் என்றால், கட்டளைக்கு எதிரான சாட்சி அதுதான்.

செயல் எவ்வளவு கனமானது என்பதற்கு இத்துறைக்குள்ளேயே சங்கடமான ஓர் ஆய்வு உண்டு. சியாட்டிலில் நீல் ஜேக்கப்சனும் அவர் குழுவும் மனச்சோர்வு உள்ள சுமார் 150 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் செயல்பாட்டைக் கூட்டும் பயிற்சி மட்டும். இன்னொன்றுக்கு அதோடு தானியங்கி எண்ணங்களை எதிர்கொள்ளும் பயிற்சி. மூன்றாவதற்கு அடிப்படை நம்பிக்கைகள்வரை தொடும் முழுச் சிகிச்சை. 1996-இல் வெளியான முடிவில், மூன்றும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. அப்படியானால் நம்பிக்கையைக் கேள்வி கேட்பதே வீண் வேலையா என்று இன்றும் சண்டை நடக்கிறது. என் கட்சி இது: மனச்சோர்வில் படுத்திருப்பவருக்கு முதலில் வாதம் தேவையில்லை, காலையில் எழுந்து வெளியே நடப்பது தேவை. பயத்தில் இருப்பவருக்கோ வாதம் ஒரு வேலையைச் செய்கிறது. பயப்படும் இடத்துக்குள் காலை வைக்க ஒரு நியாயத்தைத் தருகிறது. காலை வைத்தபின் அதன் வேலை முடிந்தது. ஆகவே விவாதம் சுருக்கமாகவும் வீட்டுப்பாடம் நீளமாகவும் இருக்க வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

படித்த, நகரத்து, ஆங்கிலம் பேசுபவர்களுக்கான முறை இது என்ற எண்ணமும் சரியில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியின் கிராமப்புறத்தில் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர், கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுற்ற 903 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிகிச்சை அளித்தது உளவியலாளர்கள் இல்லை; வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்கள். படங்களைக் காட்டி, துன்பம் தரும் எண்ணத்தை அடையாளம் காண்பது, மாற்று எண்ணத்தைத் தேடுவது, அதைச் செயலில் பழகுவது என்று மூன்று படிகள். 2008-இல் வெளியான முடிவில், குழந்தை பிறந்து ஆறு மாதம் கழித்து இந்த உதவி பெற்றவர்களில் 23 சதவீதம் பேரும் பெறாதவர்களில் 53 சதவீதம் பேரும் மனச்சோர்வில் இருந்தார்கள். மாமியார், கணவர் உட்பட வீட்டாரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தனிமனிதரின் தலைக்குள் மட்டும் வேலை செய்திருந்தால் அந்த வீடுகளில் இது நடந்திருக்காது.

அது உங்கள் மூன்றாவது கேள்விக்குக் கொண்டு வருகிறது: துன்பத்துக்கு நானே காரணமா?

எல்லிஸ் அடிக்கடி மேற்கோள் காட்டியவர் எபிக்டீடஸ் என்ற பழைய ஸ்டோயிக் தத்துவவாதி. நிகழ்வுகளைவிட நிகழ்வுகளைப் பற்றிய நம் கருத்தே நம்மைக் கலக்குகிறது என்றவர். அவர் பிறவியிலேயே அடிமை. ஓர் அடிமை தன் மனத்துக்குள் ஒரு மூலையையாவது சுதந்திரமாக வைத்துக்கொள்ள இதைச் சொன்னால் அதில் வீரம் இருக்கிறது. அதையே எஜமான் அடிமையைப் பார்த்துச் சொன்னால் அது அயோக்கியத்தனம். அடிக்கும் கணவனோடு வாழும் பெண்ணிடம் ‘அவர் அடிக்கக் கூடாது என்பது உங்கள் கட்டளைச் சிந்தனை’ என்று சொல்லும் சிகிச்சையாளர் இரண்டாவது வகை. சாதியின் பெயரால் விடுதியில் ஒதுக்கப்படும் மாணவரிடமும், பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கப்படுபவரிடமும் நம்பிக்கையைத் தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை வேறு: பாதுகாப்பு, புகார், சட்டம், துணைக்கு ஆள். அங்கே நம்பிக்கையைத் தொடுவதானால், ‘இது எனக்கு நேர வேண்டியதுதான்’, ‘வெளியே சொன்னால் என் மானம் போகும்’ என்பவற்றைத்தான் தொட வேண்டும்.

உங்கள் நிலையில், நம்பிக்கையை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மதிப்பெண் அட்டையைப் பார்த்து முகம் மாறிய வீடு, ஒரு தவறுக்கு வகுப்பு முன் நிற்கவைத்த பள்ளி என்று எங்கிருந்தோ வந்திருக்கும். வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. இப்போது அதைச் சுமப்பது நீங்கள் என்பதால், இறக்கிவைக்கும் வேலையும் உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். பழி வேறு, பிடி வேறு. உங்கள் உளவியலாளர் பேசும்போது இரண்டும் குழம்பி உங்கள் காதில் பழியாக விழுகிறது என்றால் அதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இங்கே ஒரு புகாரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பக்கத்தில் இந்தச் சிகிச்சை அடிக்கடி உபதேசமாகத் திரிகிறது. கேள்வி கேட்க வேண்டியவர் பதில் சொல்கிறார். ‘அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா, பாசிட்டிவாக இருக்க வேண்டும்’ என்கிறார். பெரியவர்கள் சொன்னால் தலையாட்டும் பழக்கம் நமக்கு இருப்பதால் வாடிக்கையாளரும் தலையாட்டுகிறார். வீட்டுக்குப் போய் அப்படியே நடுங்குகிறார். பெக் வற்புறுத்தியது கூட்டாகச் செய்யும் ஆராய்ச்சியை. இருவருக்கும் விடை தெரியாது, சேர்ந்து பார்க்கலாம் என்பதே அதன் மனநிலை. ஒரு மணி நேரத்தில் சிகிச்சையாளர் பேசியது நீங்கள் பேசியதைவிட அதிகம் என்றால், அது வேறு ஏதோ.

கேள்வி கேட்பதே கெடுதலாகும் இடங்களும் உண்டு. எண்ணச் சுழற்சி நோய் என்னும் ஓ.சி.டி. அதில் முதன்மையானது. ‘கேஸ் அடுப்பை மூடினேனா’ என்று வதைபடுபவரிடம் ‘மூடியதற்கு என்ன ஆதாரம், பார்ப்போம்’ என்று தொடங்கினால், அந்த ஆதாரத் தேடலே அவருடைய இன்னொரு சடங்காகிவிடும். அங்கே சந்தேகத்தோடு இருக்கப் பழக்கி, சரிபார்ப்பதைத் தடுக்கும் வேறு முறை இருக்கிறது. அண்மையில் ஒருவரை இழந்து அழுபவரின் துக்கத்தையும் விவாதிக்கக் கூடாது. சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் நின்றுபோன கடும் மனச்சோர்வில் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் எழுத்துப் பயிற்சிகளுக்கு நேரமில்லை. இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926.

அடுத்த அமர்வுக்குப் போகும்போது உங்கள் உளவியலாளரிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ‘தடுமாறுவேன்’ என்ற கணிப்பை விட்டுவிட்டு, ‘தடுமாறினால் நான் லாயக்கில்லை’ என்பதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். உங்கள் பாதுகாப்பு நடத்தைகளை அவரோடு உட்கார்ந்து பட்டியலிட்டு, எளிதானதிலிருந்து ஒவ்வொன்றாக விடுவதற்குத் தேதி குறியுங்கள். அறையிலேயே காணொலி எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், கைபேசி போதும். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் சென்ற வாரப் பரிசோதனையின் தாளை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர் மறந்தால் நீங்கள் எடுத்து வையுங்கள். பதற்றத்துக்கான சி.பி.டி. பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகளுக்குள் முடியும் சிகிச்சை. அதில் பாதியைத் தாண்டியும் ஒரு பரிசோதனைகூட வெளியே நடக்கவில்லை என்றால் காரணத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பதில் திருப்தியில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம்; போகும் முன் அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.